இந்த வீட்டில் அப்படி யாரும் இல்லைங்க

இரண்டு கால்களும் அசையாமல் ஆஸ்பத்திரியில் படுத்துக்கிடப்பவளிடம் வந்து, "தைரியமா இருங்க, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு, தங்கள் இரண்டு கால்களால் டக்டக்கென்று நடந்து வெளியே போகிறவர்களை எனக்கு அறவே பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்கள் இதைப் படித்தால் தாராளமாகக் கோபித்துக்கொள்ளட்டும். அவர்கள் கொண்டுவந்த ஆப்பிள்களை நாங்கள் சாப்பிட்டு முடித்தாயிற்று.

என் பெயர் விமலா. திருத்தணியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வாய் நீளம் என்று ஏற்கெனவே பெயர் வாங்கியவள். படுக்கையில் கிடந்த மாதங்களில், அசைக்க வேறு உறுப்பு இல்லாததால், அது இன்னும் வளர்ந்துவிட்டது. ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்புறம் எங்கள் வீடு. கணவர் சாமுவேல் வயரிங் வேலை செய்கிறார். ஒரே மகள் பியூலா அரக்கோணத்தில் ஓர் அலுவலகத்துக்குப் போய்வருகிறாள். சாமுவேலின் அக்கா கிரேஸ், கணவரை இழந்தவர், எங்களோடுதான் இருக்கிறார். வீட்டின் சாவிக்கொத்து அவர் இடுப்பில் இருக்கிறது.

ஜூன் மாதம், பள்ளி திறந்த புதிது. ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது பாதங்களில் ஈரத்துணி சுற்றியதுபோல் இருந்தது. குனிந்து பார்த்தேன், ஒன்றும் இல்லை. சாயங்காலம் சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தேன். மறுநாள் காலையில் எழ முடியவில்லை. சிறுநீரும் வரவில்லை. அடிவயிறு கல்போல் வீங்கிவிட்டது. பக்கத்துக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கிருந்த டாக்டர் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "வாயும்மா, வாயு" என்று ஓர் ஊசி போட்டார். என் வாழ்க்கையில் இவ்வளவு தன்னம்பிக்கையுள்ள மடையரை நான் பார்த்ததில்லை. தேர்வில் தப்பான விடையை அடித்தல் திருத்தல் இல்லாமல் அழகாக எழுதும் பையன்கள் சிலர் உண்டு. அவர்கள் பெரியவர்களானால் இப்படித்தான் ஆவார்கள் போலிருக்கிறது.

அன்று மத்தியானமே வாடகைக் கார் பிடித்துச் சென்னைக்குப் போனோம். பெரிய ஆஸ்பத்திரி. முதலில் குழாய் செருகிச் சிறுநீரை வெளியேற்றினார்கள். அந்த நிமிஷம் கிடைத்த நிம்மதியைப் போல் எந்த ஆராதனையிலும் திருவிருந்திலும் நான் கண்டதில்லை. பிறகு ஸ்கேனுக்காக ஒரு நடைவழியில் ஸ்ட்ரெச்சரில் கிடத்திவைத்தார்கள். போகிற வருகிற எல்லோரும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் நின்று, எனக்கு என்ன என்று சாமுவேலிடம் விசாரித்து, தன் மாமனாருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது, அப்புறம் பிழைக்கவில்லை என்று தகவல் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். எம்.ஆர்.ஐ. என்பது ஒரு குழாய்க்குள் படுக்கவைத்துக் காதருகே சுத்தியலால் அடிப்பது. முதுகில் ஊசி செலுத்தித் தண்ணீர் எடுப்பது என்பது முட்டியைத் தாடையோடு சேர்த்துச் சுருண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பது. இரண்டுமே கேள்விப்படும்போது இருந்த பயத்தைவிடக் குறைவுதான் என்பதைப் பின்னால் வருபவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

எங்களுக்கு வாய்த்த இளம் பெண் டாக்டர் ஒருவர்தான் மனுஷர்களிடம் பேசுவதுபோல் பேசினார். "தண்டுவட அழற்சிங்க. முதுகெலும்புக்குள்ள மூளைலேருந்து காலுக்குப் போற நரம்புக் கத்தை இருக்கு. அதுல ஒரு எடத்துல வீங்கியிருக்கு. மூளை சொல்றது கீழ போய்ச் சேரல."

சாமுவேல் தலையசைத்தார். "மெயின் லைன்ல நடுவுல ஷார்ட் ஆயிடுச்சு. அப்டித்தானேங்க?"

"அப்டித்தான்."

"அப்டின்னா, லைன் மாத்திட முடியாதுங்களா?"

"மாத்த முடியாதுங்க. வீக்கத்தைக் குறைக்க மருந்து ஏத்துவோம். மிச்சம் அதுவா எவ்ளோ சரியாவுதோ அவ்ளோதான்."

"எனக்கு வந்தது பொண்ணுக்கும் வருமா?" என்று நான் கேட்டேன். வராது, இது வழிவழியாக வருவதில்லை என்றார். அது ஒன்றுதான் அன்று நான் நிம்மதியாகக் கேட்ட பதில்.

அந்த வார்டில் சாமுவேல் என்னைப் பார்த்துக்கொண்டதைச் சொல்லாமல் போனால் நன்றி கெட்டவளாவேன். பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக் கூடாது. விரட்ட விரட்ட வந்துகொண்டிருந்தார். ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கட்டிலின் தலைமாட்டில் வைத்து, என் தலையை விளிம்புக்கு இழுத்து, மக்கில் தண்ணீர் மொண்டு தலைமுடியை அலசிவிடுவார். காதுக்குள் தண்ணீர் போகாமல் உள்ளங்கையால் பொத்திக்கொள்வார். பக்கத்துக் கட்டிலில் இருந்த ஆர்.கே.பேட்டைக்காரப் பெண், "எங்க பாவா இப்டி ஒரு சொம்பு தண்ணி ஊத்தியிருந்தா எனக்கு நோவே வந்திருக்காது" என்று புருஷனை நினைத்துப் பெருமூச்சுவிடுவாள். பில் வரும் காகிதங்களை அவர் எனக்குக் காட்டியதேயில்லை. என் கழுத்துச் சங்கிலி எங்கே என்று நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது அந்த டாக்டர் எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு சொன்னார். "இனிமேதான் முக்கியம். முதல் சில மாசத்துல எவ்ளோ பயிற்சி தர்றீங்களோ அவ்ளோ திரும்பக் கிடைக்கும். விட்டீங்கன்னா அப்புறம் கெஞ்சினாலும் வராது. உங்க ஊர்லயே வீட்டுக்கு வந்து பயிற்சி குடுக்கறவங்க இருப்பாங்க. நாங்களும் பேர் அனுப்பறோம். நீங்களும் தேடுங்க." எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மறுபடி கரும்பலகையின் முன்னால் நிற்க வேண்டும். நின்றால் போதும், ஓடக்கூட வேண்டாம்.

நாங்கள் ஊர் திரும்பிய அன்று ஆடிக் கிருத்திகை. ஊர் முழுக்கக் காவடி. எங்கள் வண்டி மலையடிவாரத்துக் கூட்டத்தில் சிக்கி நின்றது. உள்ளே படுத்திருந்த என்னைப் பார்த்துவிட்டு, மஞ்சள் வேட்டிக்காரர் ஒருவர் காவடியை இறக்கிவைத்துவிட்டு, "வழி வுடுங்கப்பா, பேஷன்ட் கீறாங்க" என்று கத்திக் கூட்டத்தை இரண்டாகப் பிளந்துவிட்டார். அந்த வருஷம் பேஷன்ட் இருப்பதை ஊரறியச் சொன்ன முதல் ஆளும் கடைசி ஆளும் அவர்தான்.

அதற்குப் பிறகு நாங்கள் தேட ஆரம்பித்தோம். தேடினோம் என்பது சரியான சொல்தானா என்று பின்னால் நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள். நான் படுத்தபடி கைபேசியில் தேடினேன். ஓர் உதவி எண்ணை அழைத்தால் இன்னோர் எண்ணைக் கொடுத்தார்கள். அந்த எண்ணில் ஒரு பெண் தேன் ஒழுகப் பேசினாள்.

"குழந்தைக்கு இன்னா வயசும்மா?"

"குழந்தை நான்தாம்மா. நாப்பத்தி நாலு."

"அய்யோ, எங்களுது பதினெட்டு வயசு வரைக்கும்தாங்க."

பதினெட்டு முடிந்த அன்று காலையில் எழுந்தவுடன் எல்லாருக்கும் கால் வந்துவிடுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். குழந்தை என்றால் போஸ்டரில் போட நன்றாக இருக்கும். நரைத்த தலையும் குழாயில் தொங்கும் சிறுநீர்ப் பையுமாக இருப்பவளை எந்தப் போஸ்டரில் போடுவது?

ஊனச் சான்றிதழுக்கு நேரில் வர வேண்டும் என்றார்கள். போனோம். அலுவலகம் மாடியில். ஊனமுற்றவர்களுக்கான அலுவலகத்தை மாடியில் வைத்த மேதை யாரென்று தெரிந்தால் மாலை போட ஆசை. ஆட்டோவில் உட்கார்ந்தபடியே கத்தினேன். ஒரு கிளார்க் மாடிக் கைப்பிடிச்சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்து, "மேல வந்தாத்தாம்மா பார்ப்பாங்க" என்றார். "மேல வர முடிஞ்சா நான் எதுக்கு சார் சர்டிபிகேட் கேக்கறேன்?" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். யோசித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கனகம்மாசத்திரம் போகும் வழியில் வயதுவந்த மாற்றுத் திறனாளிகளுக்கான பகல் பராமரிப்பு மையம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கும் போனோம். வளர்ந்த ஆண்களும் பெண்களும் வரிசையாக உட்கார்ந்து பாசிமணி கோத்துக்கொண்டு, கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். நிர்வாகி அம்மாள் என்னை ஒருமுறைகூடப் பார்க்காமல் சாமுவேலிடம், "இவங்க தானா சாப்டுவாங்களா?" என்றார். "கடிக்கவும் செய்வேன்" என்றேன். திரும்பி வரும் வழியெல்லாம் சாமுவேல் என்னிடம் பேசவில்லை. அங்கே மணி கோத்துக்கொண்டிருந்த ஒருவன் மட்டும் நான் சொன்னதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தான்.

வீட்டில் என் கட்டிலைக் கிரேஸ் அண்ணி பின்னறையில் போட்டிருந்தார். முன்கூடத்தில் தூசு, சத்தம், ரெஸ்ட் கெடும் என்று காரணம். வீல்சேர் அந்த அறையின் வாசலில் நுழையாது. எனவே அது கூடத்தில் துணி உலர்த்தும் ஸ்டாண்டாக உத்தியோகம் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனையைக் கைபேசியில் பார்ப்பேன். எங்கள் சபையில் நோயாளிகளின் பெயரைப் போதகர் வாரா வாரம் வாசித்து ஜெபிப்பார். பல்வலிக்காரர் பெயர்கூட வரும். என் பெயர் வந்ததேயில்லை. போதகருக்கு ஞாபகமறதி என்று நினைத்து, அவரை மனத்துக்குள் நன்றாகவே திட்டிக்கொண்டிருந்தேன். சாமுவேல் காலையில் வேலைக்குப் போகுமுன் என் கால்களை நீட்டி மடக்கிவிடுவார். பாவம், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இடது பாதம் மெல்ல மெல்லக் கீழ்நோக்கி வளைந்து அப்படியே நின்றுகொண்டது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள். அண்ணி பள்ளிப்பட்டில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தார். பியூலாவுக்கு ஒரு வரன் கூடிவருவதாகச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் நான் மட்டும். அவசரத்துக்கு யாராவது வர வேண்டுமே என்று கதவைப் பூட்டாமல் சாத்திவிட்டுப் போயிருந்தார்கள். வெளியே யாரோ ஒரு பெண் கூப்பிட்டாள். "வூட்ல யாருங்க? மழைக்கு ஒதுங்கிக்கவா?"

"தொறந்துதாம்மா இருக்கு. உள்ள வா. நான் எழுந்து வர முடியாது."

நனைந்த குடையோடு பின்னறை வரை வந்தாள். சுமார் முப்பது வயது, தோளில் பெரிய பை. என்னைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், பாதத்தைப் பார்த்தாள்.

"நீங்க விமலா டீச்சரா?"

"ஆங். நீ யாரும்மா?"

"அடப்பாவிங்களா! நான் சுகுணாங்க. சுகாதார நிலையத்துலேருந்து வரேன். வூடு வூடாப் போயி பிசியோ குடுக்கறது எங்க வேலை. மெட்ராஸ் ஆஸ்பத்திரிலேருந்து உங்க பேர் வந்து மாசக்கணக்காவுது. நானும் நாலஞ்சு வாட்டி இந்த வாசல்ல வந்து நின்னுட்டேன். ஒரு பெரியம்மா, 'இந்த வூட்ல அப்டி யாரும் இல்லைங்க, விலாசம் தப்பு'ன்னு சொல்லி அனுப்பிகினே இருந்தாங்க. எதிர் வூட்டுத் தாத்தாவுக்குக் கை புடிச்சு வுட வாரா வாரம் இந்தத் தெருவுக்குத்தான் வந்துகினு கீறேன்."

நாங்கள் ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்த ஆள் எங்கள் வாசலில் நின்று திரும்பிப் போய்க்கொண்டிருந்திருக்கிறாள்.

சுகுணாவைத் தேவதையாக நினைத்துவிட வேண்டாம். என் காலைப் பிடித்து வளைத்துக்கொண்டே கைபேசியில் யாரிடமோ சீட்டுப் பணம் கேட்டுச் சண்டைபோட்டாள். பயணப்படி வரவில்லை என்று என்னிடம் புலம்பினாள். ஆனால் தொட்டவுடன் சொல்லிவிட்டாள். "கெண்டைக்கால் சதை சுருங்கிக் கெட்டியாயிடுச்சு டீச்சர். அசைக்காம வுட்டா அப்டித்தான் ஆவும். வலது கால் தேறும். இந்த இடதுக்கு நான் உறுதி சொல்ல மாட்டேன். முதல்லயே வந்திருக்கணும்."

அன்று சாயங்காலம் நான் மூன்று பேரையும் பின்னறைக்கு வரவழைத்தேன். அண்ணி கொஞ்சமும் அசரவில்லை.

"ஆமா, நான்தான் சொன்னேன். பள்ளிப்பட்டுக்காரங்க காதுல வுழுந்தா, 'அம்மாவுக்குக் கால் வுழுந்துச்சாமே, பரம்பரையா'ன்னு கேப்பாங்க. பொண்ணு வாழ்க்கை போயிடும். அதான் சபை ஐயருகிட்டயும் ஜெபத்துல பேரு படிக்காதீங்கன்னு கேட்டுகினேன். கல்யாணம் முடியட்டும், அப்பால எல்லாம் பாத்துக்கலாம்னு இருந்தேன்."

"கல்யாணத்துக்கு நான் எங்க இருப்பேன் அண்ணி? பரண் மேலயா?"

பியூலா அழ ஆரம்பித்தாள். "நீதான் யாரும் பாக்க வேணாம்னு சொன்னதா அத்தை சொன்னாங்கம்மா. நீ வருத்தப்படுவேன்னு நான் கேக்கவேயில்ல."

நான் சாமுவேலைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தலைகுனிவைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

"உங்களுக்கும் தெரியுமா?"

"ஆளு வந்தது தெரியும் விமலா. அக்கா சொல்லிச்சு. நாமளே பண்ணிக்கலாம், ரெண்டு மூணு மாசந்தானேன்னு..."

கிளினிக் டாக்டரையும் மாடிக் கிளார்க்கையும் பாசிமணி அம்மாளையும் நான் ஏளனம் செய்வது சுலபம். அவர்கள் யாரோ. காதில் தண்ணீர் போகாமல் பொத்திய கைக்காரர் இதைச் செய்தார். அன்று நான் திட்டவில்லை. அழுதேன். அழுது முடித்ததும், "நாளைலேருந்து அந்தப் பொண்ணு வருவா. என் கட்டில் கூடத்துக்குப் போகணும்" என்று மட்டும் சொன்னேன். சாமுவேல் அப்போதே கட்டிலைக் கழற்றிக் கூடத்தில் கொண்டுபோய்ப் போட்டார். அதற்காக நான் மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை.

சுகுணாவின் மூலமாகத்தான் ஆர்.கே.பேட்டையில் விசைத்தறிக் கொட்டகை ஒன்றின் பின்னால் மாதாமாதம் கூடும் மாற்றுத் திறனாளிகள் கூட்டத்தையும் தெரிந்துகொண்டேன். எல்லாம் வளர்ந்த ஆட்கள். யாரும் பாடவில்லை. எந்த அலுவலகத்தில் எந்தக் கிழமை கீழே இறங்கி வந்து பார்ப்பார்கள், குழாயில்லாமல் நாமே சிறுநீரை எப்படி வெளியேற்றிக்கொள்வது, பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை போட்டுக் கழிப்பறைக்கு எப்படிப் பயன்படுத்துவது என்று வெட்கமில்லாமல் பேசிக்கொண்டார்கள். இவர்களைப் பற்றி எந்த உதவி எண்ணிலும் எனக்குச் சொல்லவில்லை. இன்றைக்கு நான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு பள்ளியின் தரைத்தளத்து வகுப்பில் நிற்கிறேன். வலது கால் தேறிவிட்டது. இடது பாதம் திரும்பவில்லை. இனித் திரும்பாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். பாதத்தைத் தாங்கிப் பிடிக்கும் பட்டைச் செருப்பு போட்டு இழுத்துக்கொண்டு போகிறேன்.

பள்ளிப்பட்டுக்காரர்கள் பெண் பார்க்க வந்தது நான் கூடத்துக்கு வந்து சில வாரங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த நேரத்துக்கே வரச்சொல்லிச் சுகுணாவைக் கேட்டிருந்தேன். "ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு டீச்சர்" என்றாள். பிரியாணி உண்டு என்றதும் ஒத்துக்கொண்டாள். அவர்கள் உள்ளே வந்தபோது என் கால் சுகுணாவின் தோள்மேல் இருந்தது. அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது. பையன், அவன் அப்பா, அம்மா மூவரும் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு பையனின் அம்மா, எதிர்பார்த்தபடியே, ஆரம்பித்தாள்.

"ஒண்ணு கேட்டா தப்பா நெனைச்சுக்காதீங்க. இது... பரம்பரையா வர்றதுங்களா?"

"இல்லைங்க. நரம்புல வீக்கம். யாருக்கு வேணும்னாலும் வரும். உங்களுக்குக்கூட வரலாம்" என்றேன்.

பியூலா காபி கொண்டுவந்தாள். தலை நிமிராமல் கொடுத்தாள். அதற்குப் பிறகு அந்த அம்மாள் காபியைக் குடிக்காமல் சுகுணாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் யாரிடமோ போனில் பேச வாசலுக்குப் போனதும், மெல்ல எழுந்து கட்டிலருகே வந்து, சுகுணாவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஏம்மா, நீங்க பள்ளிப்பட்டுப் பக்கம்லாம் வருவீங்களா?"

"அங்கயும் எங்காளுங்க கீறாங்க. யாருக்குங்க?"

அவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. பரம்பரையா என்று என்னைக் கேட்ட வாய்! நல்ல நல்ல வார்த்தைகள் என் நாக்கில் வரிசைகட்டி நின்றன. "ஆமா, யாருக்குங்க?" என்று கூடமே கேட்கும்படி உரக்கக் கேட்டேன்.

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். வரிசைகட்டி நின்ற வார்த்தைகள் என்னிடமே நின்றுவிட்டன.

"எதுக்கும்மா அழுவற?" என்று பையன் எழுந்தான்.

"நீ சும்மா உக்காரு நைனா. அப்பா வந்துடப் போறாரு."

அவன் உட்காரவில்லை. "எங்க அண்ணனுக்குங்க" என்றான் சுகுணாவிடம். "முப்பத்தி ரெண்டு வயசு. பொறந்ததுலேருந்து கால் கையி ஸ்வாதீனம் இல்ல. வெளிய யாருக்கும் தெரியாது. உங்களுக்கும் சொல்லாமத்தான் வந்தோம்." அதற்குள் அவன் அப்பா போனை அணைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். அவன் அவரை ஒருமுறை பார்த்தான். பிறகு, சுகுணா எழுதிக்கொள்ள வசதியாக, தெருப் பெயரையும் கதவு எண்ணையும் நிறுத்தி நிறுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

பியூலா அப்போதுதான் தலைநிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.